புது மாப்பிள்ளைக்குக் குளிர்ச்சி

இப்போது அதற்குப் ‘பிரன்ச்’ என்று பெயர். காலைச் சாப்பாடும் இல்லை, பகல் சாப்பாடும் இல்லை. இரண்டுக்கும் நடுவே மனிதரைப் பசியோடு உட்காரவைத்து, பத்தரை மணிக்கு மேல் எதையாவது கண்ணில் காட்டுவது. போன ஞாயிறு என் மருமகள் கண்டி வீட்டில் அப்படி ஒன்று வைத்தாள். ஊறுகாய் போடும் போத்தல்களில் அன்னாசித் துண்டும் மாம்பழத் துண்டும் மிதந்தன. மேலே இரண்டு புதினா இலை. இதைக் குடிப்பதா, தோண்டித் தின்பதா என்று கேட்டேன். “குடிங்கோ, உடம்புக்கு நல்ல குளிர்ச்சி” என்றாள்.

அந்த ஒரு சொல் போதும், எனக்கு எரிச்சல் தலைக்கு ஏற. பாவம், அவளுக்கு என்ன தெரியும்? நல்ல பிள்ளை, நல்ல மனதோடுதான் சொன்னாள். ஆனால் என் வயதுக்காரிகளே, உங்களுக்குத் தெரியும். சூடு என்றும் குளிர்ச்சி என்றும் சொல்லிச் சொல்லியே நம்மை வளர்த்தார்கள். மாம்பழம் சூடு, அன்னாசி சூடு, பப்பாசி கடும் சூடு, இப்போது அவகாடோ என்கிறார்களே அந்தப் பட்டர் புருட் குளிர்ச்சி, பால் குளிர்ச்சி, கசகசா ஊறவைத்த தண்ணீர் மகா குளிர்ச்சி. மூக்கில் இரத்தம் வந்தாலும் சூடு, பரீட்சையில் தவறினாலும் சூடு. ஒரு முழு மனிதனை இந்தக் கணக்கை வைத்தே பாதியாக்கியதை நான் கண்ணால் பார்த்தவள். ஒன்பது வயதில் பார்த்தேன். இன்றைக்கும் ஆறவில்லை.

எங்கள் வீடு அலவத்துகொடயில். வாப்பா மிளகும் கராம்பும் வாங்கி விற்பவர். வீட்டில் உம்மா, ராத்தா என்று நான் கூப்பிடும் என் அக்கா, நான், பிறகு மாமி. மாமி என்றால் வாப்பாவின் மூத்த சகோதரி. புருஷன் மௌத்தான பிறகு எங்களோடு வந்து இருந்தவர், வந்த நாளிலிருந்து எங்கள் வயிறுகளுக்கெல்லாம் பொறுப்பு எடுத்துக்கொண்டவர். யாருக்கு நாக்கு வெள்ளை, யாருக்குக் கண் மஞ்சள் என்று காலையில் எழுந்ததும் பார்ப்பார். டாக்டர் சொன்னால் வாப்பா யோசிப்பார். மாமி சொன்னால் யோசிக்கமாட்டார்.

ராத்தாவுக்குப் பத்தொன்பது வயதில் நிக்காஹ் நடந்தது. மாப்பிள்ளை புசல்லாவைக்காரர், கண்டியில் ஒரு புடவைக் கடையில் வேலை. எங்கள் வழக்கப்படி பெண் வீட்டில் வந்து தங்கினார். நான் அவரை மச்சான் என்று கூப்பிட்டேன். மெலிந்த, வெட்கம் பிடித்த மனிதர். ‘ஓ’, ‘நல்லம்’, ‘போதும்’ என்ற மூன்று சொற்களை வைத்துக்கொண்டே எங்கள் வீட்டில் நாட்களை ஓட்டினார். இந்தப் ‘போதும்’ என்பதை எங்கள் வீட்டில் யாரும் காதில் வாங்குவதில்லை. புது மாப்பிள்ளை போதும் என்றால் இன்னும் ஒரு அகப்பை என்று அர்த்தம்.

எங்கள் குடும்பத்தில் புது மாப்பிள்ளைக்கு நாற்பது நாள் கவனிப்பு உண்டு. காலை ஏழு மணிக்கு ஒரு சாப்பாடு. பத்து மணிக்கு இன்னொன்று. அந்தப் பத்து மணித் தீனில்தான் பெண் வீட்டின் மானமே இருந்தது. முதலாளியும் பெரிய மனது பண்ணி, நாற்பது நாளும் பதினொரு மணிக்கு மேல் கடைக்கு வந்தால் போதும் என்று சொல்லியிருந்தார். நாசமாய்ப் போன அந்தப் பெரிய மனதுதான் எல்லாவற்றுக்கும் வழி விட்டது.

அது பழக் காலம். வீட்டுக்குப் பின்னால் நின்ற பட்டர் புருட் மரம் அந்த வருடம் போலக் காய்த்ததே இல்லை. காற்றடித்தால் கூரைத் தகரத்தில் தொம் தொம் என்று விழும். பக்கத்து வீட்டார் மாம்பழம் அனுப்பினார்கள், அக்குறணையிலிருந்து உம்மாவின் சொந்தக்காரர் அன்னாசி அனுப்பினார். மாப்பிள்ளை வந்திருக்கும் வீடு என்று தெரிந்தால் பழங்கள் தாமாகவே நடந்து வரும். அன்னாசியை ஏலமும் கறுவாவும் போட்டுக் காய்ச்சி சர்பத் வைப்பார் உம்மா. ஆனால் மாப்பிள்ளைக்கென்று ஆன முதல் மரியாதை பட்டர் புருட்தான். நன்றாகக் கனிந்த பழத்தைப் பிளந்து, கரண்டியால் சுரண்டி, சீனி போட்டு மசித்து, டின்பாலை நூல் மாதிரி ஊற்றி, கையால் சுற்றும் முட்டை அடிக்கும் மெஷினால் ராத்தா அடிப்பாள். கடகடவென்று சத்தம் கேட்கும். பச்சை மெதுவாக வெளிறி, இளம் தளிர் நிறத்துக்கு வரும். அந்த டின்னில் ஆணியால் இரண்டு ஓட்டை போட்டு, எறும்பு வராமல் தண்ணீர்க் கோப்பைக்குள் நிறுத்தி வைப்போமே, ஞாபகம் இருக்கிறதா? உம்மா பார்க்காதபோது நான் அந்த ஓட்டையில் வாயை வைத்து உறிஞ்சியிருக்கிறேன். நீங்களும் செய்திருப்பீர்கள், இப்போது மறைக்காதீர்கள்.

கொடுப்பதற்கு ஒரு கிளாஸ் இருந்தது. உயரமானது, விளிம்பில் தங்கக் கோடு, உடம்பில் சிவப்பு ரோசா. அலுமாரியில் அதன் ஜோடிகள் எல்லாம் உடைந்துபோய், மிஞ்சிய ஒன்று. அதை ஏந்திக்கொண்டு போய் மச்சானிடம் கொடுப்பது என் வேலை. பள்ளிக்கூடத்தின் ஒரு பக்கத்துக் கூரை காற்றில் போய்விட்டதால் சின்ன வகுப்புகளை எல்லாம் பின்னேரத்துக்கு மாற்றியிருந்தார்கள். காலையில் நான் வீட்டில்தான்.

நான் கிளாஸை நீட்டுவேன். கதவுத் திரைக்குப் பின்னால் உம்மா, மாமி, ராத்தா மூவரும் நிற்பார்கள். திரைக்கு அடியில் ஆறு கால்கள் தெரியும். அவருக்கும் அது தெரியும். அவர் கிளாஸை வாங்கி, கண்ணை மூடி, ஒரே மூச்சில் குடித்து முடிப்பார். “பாருங்களே, எவ்வளவு ஆசையா குடிக்கிறாருன்டு” என்று மாமி திரைக்குப் பின்னால் கிசுகிசுப்பார். உடனே இரண்டாவது கிளாஸ் வரும். காலிக் கிளாஸ் மாப்பிள்ளை கையில் இருக்கக் கூடாது, மாப்பிள்ளையும் கொடுத்ததை மறுக்கக் கூடாது. இப்படி இரண்டு சட்டங்களை ஒரே வீட்டில் வைத்தால் அந்த மனிதன் என்னதான் செய்வான்?

அவர் போன பிறகு ராத்தா என்னைப் பிடித்துக் கேட்பாள். “முழுக்கக் குடிச்சாரா?”

“முழுக்க.”

“மொகம் எப்பிடி ஈந்துச்சி?”

“நல்லா ஈந்துச்சி.”

அவளுடைய முகம் மலர்ந்துவிடும். பகலில் அவர்கள் இரண்டு பேரும் நாலு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. பெரியவர்கள் நடமாடும் வீட்டில் பேசினால் வெட்கமாம், இரவிலும் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் மாமி விழித்திருப்பாராம். ஆகவே அவர் தன்னை விரும்புகிறாரா இல்லையா என்பதை அந்தக் கிளாஸைப் பார்த்துத்தான் அவள் தெரிந்துகொண்டாள். அடி நுரை வரை காலியானால் அன்றைக்கு அவளுக்குப் பெருநாள்.

ஒரு கிழமை போகவில்லை, மச்சான் கக்கூஸிலேயே குடியிருக்கத் தொடங்கிவிட்டார். ஆறு பேருக்கு ஒரே கக்கூஸ். முற்றம் கடந்து போக வேண்டும். பத்தேகாலுக்கு உள்ளே போனால் பத்தேமுக்காலுக்குத்தான் வருவார். வாப்பா வெளியே நின்று தொண்டையைச் செருமுவார், பிறகு மாப்பிள்ளை அல்லவா என்று நினைத்துக்கொண்டு பேசாமல் கொல்லைப் பக்கம் போவார். கண்டி பஸ்ஸிலும் அதே கதைதானாம். அக்குறணையில் ஒரு தடவை இறங்கி, கட்டுகஸ்தோட்டையில் ஒரு தடவை இறங்கி, மூன்றாவது பஸ்ஸில் கடைக்குப் போய்ச் சேர்வார் என்று பஸ் நடத்துநர் ஒருவரே வாப்பாவிடம் சொன்னார்.

மாமி அவருடைய முகத்தைத் திரை விலக்கிப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். “இது உள்சூடு. கல்யாணச் சாப்பாட்டு சூடு அப்பிடியே உள்ளுக்க நிக்கிது. குளிர்ச்சியா குடுக்கணும். பால கூட்டுங்க.”

பாலைக் கூட்டினார்கள். டின்பாலோடு பசுப்பாலும் சேர்ந்தது. கசகசா ஊறிச் சேர்ந்தது. இரண்டு கிளாஸ் மூன்றானது. மச்சானின் கண்கள் உள்ளே போயின. “பாத்தீங்களா, சூடு வெளிய வருது” என்றார் மாமி. இன்னும் கூட்டினார்கள். நான் இப்போது நினைத்துப் பார்க்கிறேன். ஒரு நாள் மட்டும் விளாம்பழத்தைத் தேங்காய்ப்பாலிலும் சீனியிலும் கரைத்துக் கொடுத்தார்கள், டின்பால் முடிந்துபோயிருந்தது. அன்றைக்கு மச்சான் முற்றத்தைக் கடக்கவே இல்லை. அன்றைக்கு அவர் முகத்தில் ஒரு சிரிப்புக்கூட இருந்தது. நான்கு பெரிய மனிதர்கள் இருந்த வீட்டில் ஒருவருக்காவது அதைப் பார்த்து ஒரு யோசனை வந்ததா? வரவில்லை. “நேத்து பால் கூட்டினதுக்கு இன்னைக்கி கேட்டீக்கி” என்று பலன் தெரிந்த சந்தோஷத்தில், மறுநாள் இரண்டு டின் வாங்கி வைத்தார்கள்.

பன்னிரண்டாம் நாளோ பதின்மூன்றாம் நாளோ, பட்டர் புருட் மரத்துக்குப் பின்னால் மச்சான் ஒரு கையால் மரத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றதை நான் பார்த்துவிட்டேன். நெற்றியெல்லாம் வியர்வை.

“ஒடம்புக்கு வருத்தமா மச்சான்?”

“வருத்தமில்ல.” சுற்றும்முற்றும் பார்த்தார். “பால்.”

“பாலா?”

“எனக்கி பால் ஒத்துக்கிறல்ல. ஒரு கரண்டி குடிச்சாலும் வயித்துக்குள்ள மேளம் அடிக்கும்.”

“அப்ப உம்மாக்கிட்ட செல்லுங்களேன்.”

ஏதோ நான் கெட்ட வார்த்தை பேசியதுபோல அவர் பதறிப்போனார். “ஐயோ, ஏலா. ஆசையா செஞ்சி தாறாங்க. புது மாப்புள வந்து, நீங்க தாறது எனக்கி ஆகாதுன்டு செல்ற எப்பிடி? மாப்புளக்கி வயித்துல கோளாறுன்டு ஊரே சிரிக்கும். நீயும் ஒருத்தர்டயும் செல்லப்படாது. சத்தியம் பண்ணு.”

பண்ணினேன். வேறென்ன செய்வேன்? ஒன்பது வயதில் ஒரு பெரிய மனிதர் உன்னிடம் மட்டும் இரகசியம் சொன்னால் தலை கனத்துப்போகும். அதோடு என் சின்னப் புத்திக்கு எட்டிய ஒரு உதவியும் செய்தேன். சமையலறையிலிருந்து கிளாஸை எடுத்துக்கொண்டு பின் விறாந்தையால் வரும்போது, யாரும் பார்க்காத அந்த ஐந்தடி தூரத்தில் பாதியை நான் மடமடவென்று குடித்துவிட்டு, குடத்துத் தண்ணீரை ஊற்றி நிரப்பினேன். மூன்று நாள் நடந்தது. நான் கொழுத்தேன், மச்சான் கொஞ்சம் நிமிர்ந்தார். நான்காம் நாள் என் மேலுதட்டில் பச்சை மீசை இருந்தது. அதைத் துடைக்க மறந்துவிட்டேன்.

உம்மா கொடுத்த அடியில் காது கூவியது. “மாப்புளைட கிளாஸ்ல வாய் வெச்சியா? நாய்க்கி பொறந்த பழக்கமா இது?” அன்றிலிருந்து கிளாஸை ஏந்தும் உத்தியோகம் என்னிடமிருந்து மாமிக்குப் போனது. மாமி சொட்டுக்கூடச் சிந்தாமல் கொண்டுபோய்க் கொடுத்து, குடித்து முடியும் வரை எதிரிலேயே நின்றார்.

இருபதாம் நாள்வாக்கில் மச்சானின் உம்மா மகனைப் பார்க்க வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றியவர், கதிரையில் இருந்த மகனைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். மச்சானின் கன்னம் ஒட்டிப்போய், சட்டை வேறு யாருடையதோ போலத் தொங்கியது.

“என்ட மகன எலும்பாக்கி வெச்சீக்கிறீங்க” என்றார். “அப்பிடி என்னத்த கலந்து குடுத்தீங்க இவனுக்கு?”

உம்மாவுக்கு முதலில் புரியவில்லை. “எல்லாம் நல்ல சாமான்தான். பட்டர் புருட், டின்பால், கசகசா...” என்று பெருமையோடு பட்டியல் சொன்னார். மச்சானின் உம்மா கேட்டது அதுவல்ல. பெண்டாட்டியின் சொல்லைத் தட்டாமல் கேட்கவைக்க, குடிக்கிற பொருளில் கலந்து கொடுப்பதாகச் சொல்வார்களே, அந்த மருந்தை. விளங்கியதும் உம்மா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினார். வாப்பா “அல்லாஹ்வே” என்றார். மச்சான்? மச்சான் தலையைக் குனிந்துகொண்டு நிலத்தைப் பார்த்தார். வாயில் கொழுக்கட்டை. பால் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே எல்லாம் முடிந்திருக்கும். சொன்னாரா? தன் உம்மாவுக்குப் பின்னால் பஸ்ஸுக்கு நடந்து போனார்.

ஊருக்குச் சொல்ல வேண்டுமா? நடுப்பகல் லுஹர் தொழுகைக்குள் தெரிந்துவிட்டது. வாப்பாவை நிறுத்தி, என்ன நடந்தது என்று கேட்டவர்களில் பாதிப் பேர் கவலைப்பட்டுக் கேட்டார்கள், மீதிப் பேர் ருசிபார்த்துக் கேட்டார்கள். பத்து நாள் போனது. கண்டி மார்க்கெட்டுக்குப் போய் வந்த ஒருவர் இன்னும் நல்ல செய்தி கொண்டுவந்தார். “மாப்புள இப்ப நல்லா மினுமினுப்பா ஈக்கார். ஒரு கிழமையில ஆளே மாறிட்டார்.” உம்மா தலையில் அடித்துக்கொண்டார். மச்சானின் வீட்டில் வெறும் தேத்தண்ணி குடிப்பார்கள், பால் கிடையாது, அதனால்தான் ஆள் தேறினார். ஆனால் ஊருக்கு அது வேறு சாட்சி. பெண் வீட்டை விட்டுப் போனதும் மருந்து இறங்கிவிட்டதாம். புசல்லாவையிலிருந்து ஒருவர் வந்து, விஷயத்தை முறைப்படி முடித்துக்கொள்வது இரண்டு பக்கத்துக்கும் நல்லது என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டும் போனார். முடிப்பது என்றால் தலாக். நிக்காஹ் முடிந்து முப்பது நாள்தான் ஆகியிருந்தது. மருந்து வைத்தவள் என்று பெயர் எடுத்த பெண்ணைப் பிறகு யார் கேட்டு வருவார்கள்? ராத்தா சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். மரத்தடியில் பழங்கள் விழுந்து அழுகின. யாரும் பொறுக்கவில்லை.

சத்தியத்தை நான் அப்போது உடைத்தேன். முதலில் உம்மாவிடம் போனேன். “உம்மா, மச்சானுக்கு பால் ஒத்துக்கிறல்ல. அதான் வயித்தால போன.” உம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நீ சும்மா ஈ, பெரியவங்க கதைக்கிற நேரத்துல” என்றார். அங்கே பெரியவர்கள் யாரும் கதைத்துக்கொண்டிருக்கவில்லை. உம்மா மட்டும் தனியே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

மாமியிடம் போனேன். மாமி சிரித்தார். “பால் ஒத்துக்கிறாத மனிசன் ஒலகத்துல ஈக்கா? பொறந்தோன புள்ள குடிக்கிறது என்னத்த, தேத்தண்ணியா?”

வாப்பாவிடம் போனேன். வாப்பா மட்டும் முழுதாகக் கேட்டார். கேட்டுவிட்டு, “இத ஒனக்கு யார் செல்லின?” என்றார்.

“மச்சான்தான். சத்தியம் வாங்கிட்டு செல்லினார்.”

“சத்தியம் பண்ணிட்டு அத முறிக்கலாமா மகள்? எவ்வளவு பெரிய பாவம் தெரியுமா?” என்று அரை மணி நேரம் சத்தியத்தின் மகிமையைச் சொன்னார். பால் விஷயம் அவர் காதில் விழுந்து, மறு காதால் போய்விட்டது. நீங்களே சொல்லுங்கள், அந்த வீட்டில் ஒரு பிள்ளை எந்தச் சுவரில் முட்டிக்கொள்வது? இன்றைக்கு என் பேரப்பிள்ளைகள் ஏதாவது சொன்னால், அது எவ்வளவு பைத்தியக்காரக் கதையாக இருந்தாலும், கடைசி வரை கேட்கிறேன். மருமகள் நான் செல்லம் கொடுத்துக் கெடுக்கிறேன் என்கிறாள். கெடட்டும்.

ராத்தாவிடம் கடைசியாகத்தான் போனேன். முதலிலேயே போயிருக்க வேண்டும். ஆனால் ‘முழுக்கக் குடிச்சாரா’ என்று அவள் கேட்டபோதெல்லாம் ‘முழுக்க’ என்று முகம் மலரவைத்தவள் நான். எப்படிப் போய்ச் சொல்வது? அவள் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அவளுடைய முதுகைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். மரத்தடி, மேளம், சத்தியம், பச்சை மீசை, எல்லாம்.

ராத்தா எழுந்து உட்கார்ந்தாள். அழவில்லை. கோபத்தில் மூக்குச் சிவந்திருந்தது.

“ஒனக்கிட்ட செல்லீக்கார்” என்றாள். “ஒம்பது வயசுப் புள்ளைக்கிட்ட செல்லீக்கார். எனக்கிட்ட செல்லல்ல.”

மருந்து வைத்தவள் என்ற பெயரைவிட இதுதான் அவளுக்கு அதிகம் நொந்தது என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை. இப்போது விளங்குகிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில், கண்டியில் தையற்காரியிடம் போய் வருகிறோம் என்று உம்மாவிடம் சொல்லிவிட்டு என்னைக் கையில் பிடித்துக்கொண்டு புறப்பட்டாள். பன்புல்லில் பின்னிய பைக்குள் துணி இல்லை, நான்கு பட்டர் புருட் இருந்தன. கண்டிக்கு ஒரு பஸ். குட்ஷெட் பஸ் நிலையத்தில் இறங்கி, நுவரெலியா போகும் பஸ்ஸில் ஏறினோம். புருஷன் வீட்டார் கூப்பிடாமல் ஒரு பெண் தானாகப் போய் நிற்பது எங்கள் பக்கத்தில் யாரும் கேள்விப்படாத காரியம். வளைவுக்கு வளைவு நான் அவள்மேல் சாய்ந்து விழுந்தேன். ராத்தா முன்னால் இருந்த கம்பியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு வந்தாள். புசல்லாவை பஸாரில் இறங்கியதும் நேரே ஒரு கடைக்குப் போய் ஒரு டின்பால் வாங்கினாள்.

“இன்னமும் பாலா?” என்று நான் அலறிவிட்டேன்.

“பேசாம வா.”

பெரிய ரோட்டின் ஓரத்திலேயே வீடு. பின்னால் தேயிலை. மச்சான் முன்னறைக் கதிரையில் இடுப்பில் சாரத்தோடு உட்கார்ந்திருந்தார். கன்னம் வந்திருந்தது. எங்களைக் கண்டதும் எழுந்தார், ஏன் எழுந்தோம் என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார். அவருடைய உம்மா உள்ளேயிருந்து வந்து, வாசலில் நின்ற மருமகளை மேலும் கீழும் பார்த்தார்.

ராத்தா மாமியாருக்குச் சலாம் சொன்னாள். பையை நிலத்தில் வைத்தாள்.

“மாமி, நான் மருந்து போட்டேன்டு செல்றீங்க. இந்தாங்க, இது எங்கட மரத்துப் பழம். வெட்டிப் பாருங்கோ, உள்ளுக்கு என்னத்த ஈக்கின்டு. இது டின்பால். இப்பதான் ஒங்கட பஸாருல வாங்கின, இன்னம் ஓட்ட போடல்ல. நீங்களே ஒடைங்கோ, நீங்களே கரைங்கோ, ஒங்கட கையால ஒங்கட மகனுக்கு குடுங்கோ. நான் தொடவும் மாட்டேன்.”

மச்சானின் உம்மா டின்னைக் கையில் வாங்கினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இப்ப என்னத்துக்கு? அவன் இப்பதானே தேத்தண்ணி குடிச்ச.”

“பரவால்ல மாமி. பழம்தானே.”

அந்த அம்மா என்ன செய்வார்? வேண்டாம் என்றால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் அவருக்கு நன்றாகவே தெரியும். பெற்ற தாய்க்குத் தெரியாதா? இதற்கு முன் பேசி வந்த ஓரிடத்தில் பையன் நோஞ்சான் என்று தட்டிப்போயிருந்ததாம். அந்தப் பயத்தில் எங்கள் வீட்டில் பால் விஷயத்தை மூச்சுவிடவில்லை. பிறகு மகன் எலும்பானதும், தான் மறைத்தது வெளியே வந்துவிடும் என்று பயந்து, அதைவிடப் பெரிய பழியை ஒரு பத்தொன்பது வயதுப் பெண்ணின் தலையில் போட்டார். இதெல்லாம் வெகுகாலம் கழித்து அவரே என் உம்மாவிடம் சொல்லி அழுதது. அன்றைக்கு நான் கண்டது, குசினிக்குள் போய் ஒரு பட்டர் புருட்டை மசிக்க ஒரு மனுஷி எவ்வளவு நேரம் எடுக்கலாம் என்பதைத்தான். டின்னை உடைக்கும் சத்தம் கேட்டது. கரண்டிச் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது.

கடைசியில் கிளாஸோடு வந்தார். கதவு நிலையைத் தாண்டவில்லை. அங்கேயே நின்று மகனைப் பார்த்தார். மகன் உம்மாவைப் பார்த்தார். ராத்தா இருவரையும் பார்த்தாள். இவ்வளவு வாய் இருந்தும் ஒரு வாயும் திறக்கவில்லை.

பிறகு, இதை எழுதும்போதும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது, பிறகு மச்சான் எழுந்துபோய் கிளாஸை வாங்கக் கையை நீட்டினார். பழக்கம்! கொடுத்தால் குடிப்பது. அவர் காலில் ஓங்கி மிதிக்க வேண்டும் போல இருந்தது எனக்கு.

“கைய நீட்டாதீங்க” என்றாள் ராத்தா.

நீட்டிய கை அப்படியே நின்றது.

ராத்தா அவருக்கு முன்னால் போய் நின்றாள். பகல் வெளிச்சத்தில் அவள் அவரை நிமிர்ந்து நேருக்கு நேர் பார்த்ததை நான் அன்றைக்குத்தான் கண்டேன். “ஒங்களுக்கு இது வேணுமா, வேணாமா?”

மச்சான் தன் உம்மாவைப் பார்த்தார்.

“அங்க பாக்காதீங்க. நான்தானே கேட்ட.”

மச்சான் காது நுனி வரை சிவந்தார். இந்த மனிதர் ‘நல்லம்’ என்று சொல்லித் தொலைத்தால் என் ராத்தாவின் வாழ்க்கை இந்த வாசலோடு சரி என்பது எனக்கே விளங்கியது.

“வேணாம்” என்றார் மச்சான். மெல்லத்தான் சொன்னார். ஆனால் அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னார். “பால் எனக்கி ஆகாது. சின்னதிலருந்தே ஆகாது. உம்மாக்கும் தெரியும்.”

அவருடைய உம்மா கிளாஸை மேசையில் வைத்துவிட்டு, முக்காட்டை முகத்துக்கு இழுத்துக்கொண்டார். ராத்தா அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. அதுவரை அடக்கிவைத்திருந்த அழுகை அவளுக்கு அப்போதுதான் வந்தது.

நிக்காஹ் அன்றைக்கு மச்சான் சம்மதம் சொன்னது பள்ளிவாசலில், ஆண்களுக்கு நடுவே, வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு. ராத்தா அதைக் கேட்கவில்லை. வீட்டில் அறைக்குள் உட்கார்ந்திருந்தாள், முடிந்துவிட்டது என்று யாரோ வந்து சொன்னார்கள். அதன் பிறகு அந்த ‘ஓ’வும் ‘நல்லம்’மும் திரைக்கு இந்தப் பக்கம் எல்லோருக்கும் பொதுவாக விழுந்தவை. அவள் கேட்ட ஒரு கேள்விக்கு, அவளுக்கென்று, அவர் வாயிலிருந்து வந்த முதல் பதில் இதுதான்.

ராத்தா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

“இன்னொருக்கா செல்லுங்கோ” என்றாள்.